செவ்வாய், வெள்ளி தவிர

எதற்கெடுத்தாலும் மழையின் மேல் பழியைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பஸ் வரவில்லையா, மழை. நெட் வரவில்லையா, மழை. அந்த வருடம் ஹைதராபாத்தில் மழை பிடித்த வாரத்திலேயே எங்கள் கம்பெனியில் போர்டுகள் கெட ஆரம்பித்ததும், மொத்தக் கட்டடமும் ஒரே குரலில் "ஈரம்" என்றது. தரம் பார்க்கும் பிரிவில் இருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. போன வருடமும் மழை பெய்ததே, அப்போது ஏன் கெடவில்லை என்று கேட்டேன்.  அதற்கும் ஈரம் என்றே சொன்னார்கள்.

ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. தண்ணீர் மோட்டாரை இயக்கும் பெட்டிக்குள் உட்காருகிற எலெக்ட்ரானிக் போர்டுகளைச் செய்கிறோம். பற்றவைத்து முடித்த போர்டைக் கழுவி உலர்த்திய பிறகு, அதன் மேல் மெல்லிய கோட்டிங் அடிப்போம். தண்ணீரும் தூசியும் அண்டாமல் இருக்க அதுதான் காவல். யூவி விளக்குக்குக் கீழே வைத்தால் கோட்டிங் பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிரும். படாத இடம் கறுப்பாகத் தெரியும். எங்கள் போர்டுகளில் அந்த மழைக்காலத்தில் கறுப்புத் திட்டுகள் வர ஆரம்பித்தன. எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் ஒதுங்குமே, அப்படிக் கோட்டிங் ஒதுங்கி நின்றது.

கழுவிய போர்டு கோட்டிங்குக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு மேஜையில் நிற்கும். வயர் சொருகும் இடங்களில் கோட்டிங் படாமல் டேப் ஒட்டும் மேஜை அது. அங்கே இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு பேருடையதுமே செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அக்கா அம்மன் கோயிலுக்கு. ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் வருவோம். அக்காவின் டேப்பை உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். கையுறை போட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் டேப் கையுறையில்தான் ஒட்டுமே தவிர போர்டில் ஒட்டாது. அதனால் யாருமே போடுவதில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

அந்த மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "அந்த டேபிள்ல வேற ஆளைப் போட்டுப் பாத்தரலாமுங்க. அவங்க பேக்கிங் போகட்டும். வயசாகுது, கண்ணு தெரியலையோ என்னமோ," என்றார்.

அக்காவுக்கு இது எப்படியோ காதுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேக்கிங்குல போயி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டணுமா மா? இத்தினி வருஷத்துல என் டேபிள்லேருந்து ஒரு போர்டு திரும்பி வந்ததில்ல."

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளரிடம் போய் மாதக் கடைசி வரை தவணை கேட்டேன். காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கண்டுபிடிப்பது என்றால் என்ன, உட்கார்ந்து யோசித்தால் வந்துவிடுமா? வராது. நான் செய்ததெல்லாம், நடந்ததை நடந்தபடி அடுக்கிப் பார்த்ததுதான். கெட்ட போர்டுகளை நாள்வாரியாகப் பிரித்து மேஜையில் பரப்பினேன். திங்கள் உண்டு, புதன் உண்டு, வியாழன் உண்டு, சனி உண்டு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சுத்தம். ஒரு வாரம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு வாரமும் அப்படியே இருந்தது. செவ்வாய், வெள்ளி பார்த்துப் பெய்கிற மழை உண்டா? ஈரம் என்றவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

சரி, செவ்வாய் வெள்ளியில் என்ன வேறாக நடக்கிறது? கோட்டிங் டப்பா வரும் நாளா என்று ஸ்டோரில் கேட்டேன், இல்லை. கழுவும் தொட்டியில் தண்ணீர் மாற்றும் நாளா, அதுவும் இல்லை. கரண்ட், ஏசி, கம்ப்ரஸர் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

இத்தனைக்கும் விடை தினமும் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது. அக்காவின் மகளுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ராமச்சந்திராபுரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நம் ஆட்களுக்கு ஆடி. ஆஷாடம் முன்னால் வந்து ஆடியோடு போய் ஒட்டிக்கொள்ளும். சம்பந்தி வீட்டார் ஆஷாடம் என்று அனுப்பிவைக்க, அக்கா ஆடி முடியட்டும் என்று நிறுத்திக்கொண்டார். இரண்டு ஊர்ப் பழக்கமும் சேர்ந்து அவருக்கு மகளை நீண்ட நாளுக்குக் கொடுத்தன. அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை.

அக்கா அந்த நாட்களில் பஸ்ஸை ஓடிவந்துதான் பிடிப்பார். டிரைவர் திட்டுவார், அக்கா சிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அக்கா, இன்னிக்கு அதிசயமா இருக்கு?"

"அதிசயம் ஒண்ணும் இல்ல மா. செவ்வா, வெள்ளி எனக்கு வேலை இல்ல. அவ தலைக்குக் குளிச்சிடுறா. மத்த நாள்லதான் தலைல எண்ண வெச்சு, ஜடை போட்டுட்டு ஓடி வர்றேன்."

செவ்வாய், வெள்ளி என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமைதான் தலைக்குக் குளிப்போம். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள் என்பது தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அது என் தலைக்குள் வேறு அறையில் கிடந்தது. போர்டு இருந்த அறைக்கும் அதற்கும் நடுவே கதவே இல்லை.

அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். ஸ்கூல் படிக்கும்போதே அந்தப் பெண் "அம்மா, ஆயில் நக்கோ", எண்ணெய் வேண்டாம் என்று தலையைத் தொட விடமாட்டாளாம். கடைக்குப் போய் முடியை வெட்டிக்கொண்டு வந்துவிடுவாளாம். இப்போது கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில், சீப்பையும் எண்ணெய் பாட்டிலையும் தானே எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அம்மா, ஜடை வெய்யவா?" என்று தெலுங்கில் கேட்டாளாம். ஜடை போட்டுவிடுவாயா என்று.

"முடி தோள் வரிக்கும்தான் மா இருக்கு. என்ன ஜடை போடுறது அதுல? இருந்தாலும் போடுறேன்," என்றார் அக்கா. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய் கொண்டுபோனேன். விரலில் தடவி, துண்டில் துடைத்து, தண்ணீரில் அலசி, கழித்துப்போட்ட போர்டு ஒன்றைத் தொட்டு, கோட்டிங்குக்கு அனுப்பினேன். உலர்ந்ததும் விளக்குக்குக் கீழே வைத்தேன். என் விரல் ரேகை வரை தெரிகிற கறுப்புத் திட்டு. இன்னொரு போர்டு எடுத்தேன். இந்தத் தடவை அதே எண்ணெய் விரலை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தொட்டேன். முழு நீலம். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்குக் குதிக்கத் தோன்றும். அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அக்காவிடம் சொல்லாமல் மேலாளரிடம் போக எனக்கு மனம் வரவில்லை. மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். எவ்வளவோ சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். அக்கா பாதியிலேயே புரிந்துகொண்டார். சாப்பிட்ட கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கைதானா?"

"கை இல்ல அக்கா. எண்ணெய். யார் கையில இருந்தாலும் அதேதான்."

"கழுவிட்டுத்தான் மா வர்றேன்."

"தெரியும். தண்ணிக்குப் போகாது. ஸ்பிரிட் துணி வாங்க எழுதப்போறேன். துடைச்சுட்டு உட்கார்ந்தா போதும். நீங்க பாட்டுக்குத் தலை வாரிவிடுங்க."

"ஹவ் மா," என்றார். ஹவ் என்றால் எங்கள் ஊரில் சரி, ஆமாம்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் என் போர்டுகளை வைத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது செரிங்க. ஆரோட கை?" என்றார். அவருக்கு யோசிக்கும்போது உச்சந்தலையை நீவிக்கொள்ளும் பழக்கம் உண்டு. பளபளவென்று வாரிய தலை. நீவிய கையோடு இருந்தவரிடம் ஒரு போர்டை நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடிங்க சார்," என்றேன். மத்தியானம் அதையும் விளக்குக்குக் கீழே காட்டினேன். நான்கு விரலும் கட்டைவிரலும் கறுப்பாக இருந்தன. அவர் சிரித்துவிட்டார். "மாட்டி உட்டுட்டீங்களே," என்றபடி கையெழுத்துப் போட்டார். யார் கை என்று அதற்கப்புறம் கேட்கவில்லை. யார் என்று தேடுவதை நிறுத்தினால்தான் எது என்று தெரியும் என்பதை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கையெழுத்து ஆனதும் துணி வந்துவிடுமா? ஸ்டோர், பர்சேஸ், மறுபடி ஸ்டோர் என்று அது ஊர்வலம் போனது. இதற்கிடையில் போர்டுகள் சுத்தமாகிவிட்டன. புதனும் வியாழனும் சனியும்கூட முழு நீலம். எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் அக்கா முன்போல ஓடிவரவில்லை, நிதானமாக வந்து நின்றார்.

"எண்ண தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன் மா அவகிட்ட," என்றார் நான் கேட்காமலேயே. "எதுக்கு வம்பு."

கோபம் வந்தது. அக்கா மேல் கொஞ்சம், ஸ்டோர் மேல் நிறைய, என் மேல் அதைவிட. "யார் கேட்டாங்க உங்கள? நான் சொன்னது என்ன, நீங்க செஞ்சது என்ன?" என்று சத்தம் போட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். ஆடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்து மகளைக் கூட்டிப்போனார். அடுத்த வாரம் ஸ்பிரிட் துணி வந்து சேர்ந்தது.

போர்டுகள் ஒன்றுகூடக் கெடவில்லை. மேலாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். பேக்கிங் பேச்சு அடங்கிப்போனது. ஆனால் எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. துணியும் வந்தது, மகளும் போயாயிற்று. எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வது? என் ஒரு விரலை வைத்துச் செய்த சோதனை கையெழுத்து வாங்கப் போதும், அக்காவுக்குப் போதவில்லை. தலைதீபாவளிக்கு மகள் வரப்போகிறாள் என்று சொன்னபோது அவர் குரலில் சந்தோஷத்தோடு பயமும் இருந்தது.

"நாலு நாள் இருப்பா. எண்ண பாட்டில எடுத்து உள்ள வெச்சிடட்டுமா மா?"

"வெச்சுப் பாருங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசமாட்டேன். தலை வாரிவிட்டுட்டு வாங்க. போர்டு கெட்டா நான்தான் சொன்னேன்னு என் பேரைச் சொல்லுங்க."

பேச்சு வீரமாகத்தான் இருந்தது. தீபாவளி கழிந்து வேலைக்குத் திரும்பிய காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் கிளம்பி நகர்ந்த பிறகு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். டிரைவர் திட்டினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. 

கம்பெனியில் அவரோடு மேஜை வரை போனேன். ஸ்பிரிட் துணியைப் பிரித்து நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் இரு மா," என்றார். இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார். நான் துணியைப் பிடித்தபடி நின்றேன். கண்ணைத் திறந்ததும் துணியை வாங்கி, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் பொறுமையாகத் துடைத்தார். பிறகு முதல் போர்டை எடுத்து டேப் ஒட்டத் தொடங்கினார்.

அன்றைய போர்டுகளை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கடைசிப் போர்டு வரை நீலமாகவே இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "அப்ப நாளைக்கும் எண்ண வெக்கலாம்," என்றார்.