சுறாவின் வாய்க்கட்டு

துறைமுகத்து ஓட்டை உடைசலைக் கொண்டு மாமா ஒரு சுறா செய்தார். அம்மாவின் தம்பி அவர். சென்னையில் சிலை செய்யப் படித்துவிட்டு, பழைய கப்பல் தகட்டோடும் நங்கூரச் சங்கிலியோடும் எங்கள் முற்றத்தில் வந்து இறங்கியிருந்தார். சுறாவின் தலையில் மாதாவின் கிரீடம், கழுத்தில் கோயில் மணி. வாயை மட்டும் கயிற்றால் கட்டியிருந்தார். பார்த்துப் பிடித்தால் கண்காட்சிக்கு எடுத்துப்போக, மறுநாள் காலையில் ஆட்கள் வருவதாக இருந்தது.

கயிற்றுக்கு ஒரு கதை உண்டு. முத்துக்குளித்த காலத்தில் எதிரே தெரியும் தீவில் கடல்கட்டி என்று ஒரு மந்திரவாதி இருந்தாராம். மாதாவைக் கும்பிட்டுப் படகேறும் எங்கள் ஆட்கள், அவருக்கும் ஒரு பங்கு சிப்பி என்று ஒத்துக்கொண்டுதான் குதிப்பார்கள். அவர் காலையில் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுவார். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார். மறந்துவிட்டால், பசித்த சுறா மறுநாள் முதலில் இறங்குகிறவனைப் பிடித்துக்கொள்ளும். மாமா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பா சங்கு குளிக்கிறவர். அவர் படகில் முதலில் இறங்குவதும் அவர்தான்.

பொழுது சாய்ந்தது. சுறா கட்டிய வாயோடு நின்றது.

"அவுத்துவிடுங்க மாமா."

"ஏலே, தகரத்துக்குப் பசிக்குமால?" என்றுவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாயில் கிடந்தார். தினமும் கடலடிக்குப் போய்வருகிறவருக்குப் பேச்சென்றாலே அலுப்பு.

மாதாவுக்கு மெழுகுவத்தி, இசக்கியம்மனுக்குச் சேவல் என்று இரண்டு பக்கமும் நேர்ந்துகொண்டேன். எங்களிடம் சேவல் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கயிற்றை உருவினேன். கீழ்த்தாடை கழன்று விழுந்த சத்தத்தில் தெருவே எட்டிப்பார்த்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், பாதி உடம்பு வெளியே தெரிய.

மாமா ஓடிவந்தார். "காலைல ஆளுக வாராக. யாரு அத்தான் அவுத்தது?"

"நாந்தான் மாப்ள," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"வெளையாடாதிய அத்தான்."

"வெளையாட எனக்கு எங்கன தெம்பு இருக்கு?"

மாமா, விழுந்த தாடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் வந்தவர்கள், வாய் பிளந்த சுறாதான் அழகு என்று ஏற்றிப்போனார்கள். அந்தப் பாராட்டு மாமாவுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. அப்பா வழக்கம்போலக் கடலுக்குப் போனார், வந்தார், பாயில் கிடந்தார்.

எனக்காக அப்பா பொய் சொன்னார் என்று வெகுகாலம் பெருமையடித்துத் திரிந்தேன். மாமா அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அது என் பிஞ்சு விரலுக்கு ஒரே இழுப்பில் கழன்று வந்தது எப்படி என்று அப்போது தோன்றவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.