மேல்வீட்டில் காற்று

ஏணியின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன் மேல்வீட்டுக்காரர் கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு, மோதிர விரலில் ஊசியால் ஒரு குத்து குத்துவார். ரத்தம் லேசில் வராது. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. அடியிலிருந்து நுனிவரை இரண்டு தடவை நீவிவிட்டால் ஒரு சொட்டு தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கும். அதைப் பட்டையில் தொட்டு வைத்துவிட்டு, மெஷின் யோசித்து முடிக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எண் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடி ஏறுவார். இருநூறைத் தாண்டியிருந்தால் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். "இன்னைக்கு நிம்மதி சார்" என்பார்.

சர்க்கரை வியாதிக்காரர் யாராவது இருநூறைப் பார்த்து நிம்மதி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் சர்க்கரைக் கட்சிதான். எனக்கு இருநூறு வந்தால் அன்று முழுக்க வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. 'ஆபீஸில் என்ன தின்றீர்கள்' என்று விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். இந்த மனிதருக்கு மட்டும் அது எப்படி நிம்மதியாகிறது என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

அவர் கிரேன் ஆபரேட்டர். நாங்கள் கட்டிக்கொண்டிருப்பது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். சிமென்ட், கம்பி, கையுறை, ஆணி எல்லாம் என் பொறுப்பு. கட்டடத்தை ஒட்டி ஒற்றைக் காலில் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. காலையில் அதற்குள் போனால் மாலையில்தான் வெளியே வருவார். மேல்வீட்டுக்காரர் என்பது கொத்தனார்கள் வைத்த பெயர். "வாடகை இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை, கொடுத்து வெச்சவரு" என்று கேலி செய்வார்கள். "தண்ணி வசதியும் இல்லைப்பா" என்பார் அவர். அது வெறும் வேடிக்கை இல்லை. சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் ஒன்றுக்கு முட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டியில் அதற்கு ஏது வழி? மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கேன்தான். மாலையில் அதைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு இறங்கி வருவார். நாங்கள் எல்லோரும் அந்தச் சமயம் பார்த்து ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொள்வோம்.

சர்க்கரை ஏறினால் உடம்பை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஆனால் அன்றைய பொழுது ஓடிவிடும். இறங்கினால் அப்படியில்லை. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும், என்ன செய்கிறோம் என்றே தெரியாது. எனக்கு அப்படி வந்தால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வேன். மிஞ்சிப் போனால் ஆணிக் கணக்கு உதைக்கும். அவருக்கு வந்தால் ஒரு கட்டுக் கம்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், அதற்கு அடியில் ஆள் நடந்துகொண்டிருப்பான்.

"ஏறினா எனக்கு மட்டும்தான் சார் கெடுதல். இறங்கினா அடுத்தவன் தலையில" என்று ஒருநாள் சொன்னார். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றியே வைத்துக்கொள்வாராம். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, பாராட்டவும் தோன்றவில்லை. ஆயாசமாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ சாமான் தூக்குவதைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைப்பீர்கள். வெள்ளைச் சோறு 'ஃபுல் லோடு'. வேகவைத்த பயறு 'மெதுவா ஏத்துற லோடு'. முட்டை 'வெயிட்டே இல்லாத லோடு'. கீரையும் வெள்ளரிக்காயும் 'காலி பக்கெட்'. உருளைக்கிழங்கின் மேல் அவருக்குத் தனிக் கோபம் உண்டு. "அது காய்கறியே இல்ல சார், வேஷம் போட்ட சோறு" என்பார். சர்க்கரை கரைத்த தண்ணீர் ஒரு பாட்டில் எப்போதும் கேபினில் இருக்கும். அதற்குப் பெயர் 'ஃபயர் சர்வீஸ்'.

அவர் மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். விடியற்காலையில் எழுந்து நான்கு சின்ன டப்பாக்கள் கட்டித் தருவார். ஒரே டப்பாவில் மொத்தமாகக் கட்டினால் மனிதர் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிடுவார், சர்க்கரை கிடுகிடுவென்று ஏறி அப்புறம் மாத்திரை அதைக் கீழே இழுக்கும். பிரித்துச் சாப்பிட்டால் ஒரே சீராக இருக்கும். முதலில் காயை மென்று, பிறகு முட்டையோ பயறோ தின்று, கடைசியில்தான் சோற்றில் கை வைக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன வரிசை. அந்த வரிசையை அவர் மீறி நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் ருசி என்று ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை. கிரேனுக்கு வேலை இல்லாத ஒரு நாளில் கீழே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குப் பசித்தது, அதனால் அவருக்கும் பசிக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

"பசிக்குதான்னு என்னை நானே கேட்டுப் பல வருஷமாச்சு சார். மெஷினைத்தான் கேக்கிறேன்."

இப்படியே காலம் ஓடியிருக்கும். இந்த வருஷம் கண் டாக்டர் குறுக்கே வந்தார். விழிக்குப் பின்னால் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்திருக்கிறது, இனிமேலும் சர்க்கரையை உயரத்தில் வைத்திருந்தால் பார்வை போய்விடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கண் போனால் கிரேன் ஏது? அதனால் சோற்றைப் பாதியாகக் குறைத்தார்கள். சர்க்கரை டாக்டர் நல்லவர், விவரமானவர். "சோத்தைக் குறைச்சா மாத்திரையையும் குறைக்கணும், மறக்காம என்னை வந்து பாருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இவரும் மண்டையை மண்டையை ஆட்டியிருக்கிறார். தளம் போடும் வேலை மும்முரமாக நடந்த சமயம் அது. லீவு கேட்டால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து போகவே இல்லை. சோறு பாதியானது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது.

மனைவி ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன டப்பாவைக் கொடுக்க என் ஸ்டோருக்கு வந்தார். கை ஓயாமல் முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தது.

"சோத்தைக் குறைச்சா மனுஷன் குறையுறாரு. குறைக்கலேன்னா கண்ணு குறையுது. நான் எதைத்தான் சார் குறைக்கிறது?"

டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தேன். தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடாக இருந்தது.

காற்று அடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கிரேன் தொழிலில் காற்றுக்குத் தனி மரியாதை உண்டு. காற்று பலமாக இருந்தால் லோடு ஆடும்; ஆபரேட்டர் நிறுத்து என்றால் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. கீழே இருப்பவர்களுக்கு மேலே அடிக்கும் காற்று தெரியவும் தெரியாது. என் மேசைமேல் ஒரு வாக்கி டாக்கி எப்போதும் திறந்தே கிடக்கும், கம்பி வேண்டும், பலகை வேண்டும் என்று யார் கேட்டாலும் எனக்குக் கேட்பதற்காக. அதில் அவர் குரல் அடிக்கடி வர ஆரம்பித்தது. "மச்சான், மேல காத்து கொஞ்சம் ஜாஸ்தி." கீழே நின்று கையசைத்து லோடுக்கு வழி சொல்கிறவர் அவர் மனைவியின் தம்பி. "சரி மாமா, நிறுத்திக்குங்க. எல்லாரும் ஒரு பீடி குடிங்கப்பா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "காத்து நின்னுடுச்சு மச்சான்" என்று வரும். வேலை தொடரும்.

ஒருநாள் இதே பேச்சு வாக்கியில் போய்க்கொண்டிருக்கும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். கொடியில் காயப்போட்டிருந்த சாக்கு அசையவில்லை. மேலே, கட்டடத்தின் உச்சியில் யாரோ காயப்போட்டிருந்த துண்டும் அசையவில்லை. மச்சானைத் தனியாக இழுத்துப் பிடித்தேன். ஆள் குண்டு, பேச்சில் கெட்டி, ஆனால் பொய்யை அதிக நேரம் வாயில் வைத்திருக்கத் தெரியாதவர்.

"மாமாவுக்குச் சுகர் இறங்குச்சுன்னா அப்படிச் சொல்லுவாரு சார். அந்த கேப்ல எதையாவது சாப்பிட்டுக்குவாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மாலை ஏணியடியிலேயே காத்திருந்து கேட்டுவிட்டேன். "எத்தனை பேர் தலை அடியில இருக்குதுன்னு தெரியாதா உங்களுக்கு? மேடம்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" மேடம் என்பது எங்கள் என்ஜினியர். சின்ன வயது, கண்டிப்பு, ஆனால் யாரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர்.

அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். கம்பெனி விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலே இருக்கும்போது ஒரே ஒரு தடவை சர்க்கரை இறங்கியது என்று தெரிந்தாலும் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி ஏறலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் கடைசிவரை கீழேதான்.

"மேல இருக்கிற வரைக்கும் நான் ஆபரேட்டர் சார். கீழ வந்தா நான் யாரு? சுகர் பேஷன்ட், அவ்வளவுதான்" என்றார். பிறகு மென்று விழுங்கி, "நாளைக்குத் தளம் போடுறோம். அது முடிஞ்சதும் நானே மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் இலை அசையாத புழுக்கம். கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடும். பக்கெட் மேலே போவதும் காலியாகிக் கீழே வருவதுமாக இருந்தது. மதியச் சாப்பாடு எல்லோருக்குமே தள்ளிப்போனது. மற்றவர்கள் முறைவைத்து இறங்கி வந்து ஆளுக்கு ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போனார்கள். அவருக்கு மாற்று ஆள் கிடையாது. இரண்டு லிவரிலும் இரண்டு கை. டப்பாவை எங்கிருந்து திறப்பது?

மேடம் என் ஸ்டோர் வாசலில் நிழலுக்காக நின்றிருந்தார். அப்போதுதான் வாக்கி பேசியது.

"மச்சான், மேல காத்து ஜாஸ்தி."

கான்கிரீட் நிறைந்த பக்கெட் தளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதற்குச் சற்றுத் தள்ளி, தளத்தின்மேல் கொத்தனார்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேடம் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். கிரேன் உச்சியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று சுற்றும். அதன் எண் இப்போது அவர் போனிலேயே தெரிகிறது. போன வாரம்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தார்.

"காத்தா? இங்க ஒண்ணுமே காட்டலையே, அண்ணே" என்றார் வாக்கியில்.

"மீட்டர்ல தெரியாது மேடம், மேல அது வேற மாதிரி காத்து" என்று மச்சான் இடையில் விழுந்து பூசி மெழுகப் பார்த்தார்.

வாக்கியில் கரகரப்பு மட்டும் கேட்டது. நான் மேடத்தின் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மேலிருந்து குரல் வந்தது. நாக்குத் தடித்த குரல்.

"மச்சான், நீ சும்மா இரு." பிறகு, "காத்து இல்ல மேடம். எனக்குச் சுகர் இறங்குது. கை நடுங்குது. அடியில இருக்கிற ஆளுங்களை விலக்குங்க."

அந்த வாக்கியில் எல்லோரும் இருந்தார்கள். லாரிக்காரர், கொத்தனார்கள், பாதுகாப்பு பார்க்கிறவர், பெரிய ஆபீஸில் ஒருவர். எல்லோருக்கும் கேட்டது. மச்சான் தளத்தைப் பார்த்து இரண்டு கையையும் வீசி, ஆட்களைக் கத்திக் கத்தி விரட்டினார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வியர்வையா, வேறா என்று நான் பார்க்கவில்லை.

மேடம் அதட்டவில்லை. "பிரேக் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு மேடம்."

"பக்கெட் அங்கேயே தொங்கட்டும், இறக்க வேண்டாம். முதல்ல இனிப்பா எதையாவது குடிங்க."

வாக்கி திறந்தே இருந்திருக்க வேண்டும். மூடி கழன்று எங்கோ உருளும் சத்தமும், பிறகு மடக் மடக்கென்று குடிக்கும் சத்தமும் வேலையிடம் முழுக்கக் கேட்டன. யாரும் சிரிக்கவில்லை.

"குடிச்சாச்சு மேடம்."

"சரி. கொஞ்ச நேரம் அப்படியே உட்காருங்க. தெளிஞ்சதும் இறக்கலாம். அப்புறம் நீங்க கீழ வந்துடுங்க அண்ணே." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலும் இறங்கித்தான் போனது. "அதுவரைக்கும் லிவர்ல இருந்து கையை எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன் மேடம்."

மேடம் நெற்றியில் கையை வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உச்சியைப் பார்த்தார். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. "எனக்கு இங்கிருந்து ஒண்ணும் தெரியலையே அண்ணே."

பிறகு அந்தப் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி நகர்ந்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை வெளியே வந்தன. நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி அவற்றை விரித்து வெயிலில் நீட்டியபடியே வைத்திருந்தார்.