கேலனுக்குப் பதினெட்டு மைல்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து சேகர் போனில் பேசினான். சேகர் என் அக்கா மகன். அவனுக்கே அறுபது தாண்டிவிட்டது, ஆனாலும் எனக்கு அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற சேகர்தான். ஓய்வு பெற்ற காசில் கார் வாங்கப் போகிறானாம்.

"மாமா, பெட்ரோல் எடுக்கட்டுமா, டீசல் எடுக்கட்டுமா? நீங்க கணக்கு வாத்தியாராச்சே, ஒரு வழி சொல்லுங்க."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்ததே ஒரு தடவைதான், அதுவும் நின்றுகொண்டிருந்த காரில், படம் எடுப்பதற்காக. இது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தாய்மாமனைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று அவன் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. கார்க் கடையில் அவனை ஒரு கேள்வி கேட்டார்களாம். "எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க சார்? கொஞ்ச வருஷம்னா பெட்ரோல், ரொம்ப வருஷம்னா டீசல்." அதைச் சொல்லிவிட்டுச் சேகர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

போனை வைத்த பிறகும் மூக்கில் ஒரு வாசம் நின்றது. நனைந்த கம்பளி வாசம். பெற்றோல் நாற்றமும் வெற்றிலையும் அதில் கலந்திருக்கும். சேகரின் அப்பா ஓட்டிய பழைய ஹயர் காருக்குள் தலையை விட்டால் அப்படித்தான் இருக்கும். மழையில் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டே ஏறுவார்கள். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கோர்ட்டுக்குப் போக, பெண் பார்க்கப் போக, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். சீட்டு பஞ்செல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து, வெயில் அடித்தாலும் காய்வதில்லை.

இங்கே இலங்கை மலைநாட்டில், ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்குக் கீழேதான் அந்தக் காலத்து ஹயர் கார் ஸ்டாண்ட். அங்கே டைவர் வேலு என்றால் எல்லாருக்கும் தெரியும். அக்கா புருஷன் என்பதால் எனக்கு மச்சான். நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்; ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நான் ஒருத்தன்தான். சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். மாதம் பிறந்தால் நான் கொடுக்கிற காசை வாங்கிப் பெட்டியில் வைத்து, மாதக் கடைசியில் நான் கேட்கும்போது அதையே திருப்பித் தருவாள். அவளோடு எனக்கு அப்படி ஒரு சௌகரியம்.

மச்சானுடைய கார் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் நாலாவது சுற்றில் இருமும், ஏழாவது சுற்றில் எழும்பும். இடது பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார். ஒருநாள் நானுஓயா ஏற்றத்தில் கல்யாணப் பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டே அது மூச்சை விட்டுவிட்டது. பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். பெண் உள்ளே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்ததாம். மச்சானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே இதுகூட மல்லுக்கட்ட முடியாது புள்ள, வேற வண்டி பாக்கணும்" என்றார்.

வேறு வண்டி என்றால் புதுசு கிடையாது. வெளிநாட்டிலிருந்து புதுக் கார் வருவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்த காலம். கைமாறுகிற கார்தான். அந்தச் சமயம் பார்த்து இரண்டு கார்கள் விலைக்கு வந்தன. ஒன்று வட்டவளையில் ஒரு துரையுடையது. கறுப்பு, பெற்றோல், பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும். துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், அதனால் விற்கிறார். இன்னொன்று ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருந்த காதர் நானாவுடைய டீசல் கார். அது வருவது ஒரு மைலுக்கு முன்பே தெரியும். அக்கா அடுப்படியில் இருந்துகொண்டே, "நானா வர்றாரு" என்பாள். குளிர்காலத்துக் காலையில் அதைக் கிளப்ப ஒரே வழி சரிவில் உருட்டிவிடுவதுதான். அதற்காகவே நானா அதை ராத்திரியில் கடைக்கு மேலே உள்ள மேட்டில் நிறுத்துவார்.

"ஆனை மாதிரி டைவர்" என்றார் நானா. "எந்திரிக்கத்தான் சுணங்கும். எந்திரிச்சா அது பாட்டுக்குப் போகும். எண்ணெய்க் காசும் பாதி."

ஸ்டாண்டில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். டீசல் காரில் பெண்ணை ஏற்றினால் லொறியில் மரக்கறி ஏற்றின மாதிரி இருக்கும், கல்யாண ஹயர் வராது என்று ஒருத்தர். நுவரெலியா ஏற்றத்தில் பெற்றோல் தண்ணீராய் இறங்கும், கட்டுப்படியாகாது என்று இன்னொருத்தர். மச்சான் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"மாப்ளே, டீசலுக்கு ரெண்டாயிரம் கூடக் கேக்குறாரு நானா. அந்தக் கூடக் குடுத்த காசு எத்தன வருசத்துல திரும்பும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடு. மூணு வருசத்துக்குள்ள திரும்புச்சுன்னா டீசலு. இல்லாட்டி பெட்ரோலு."

அது ஏன் மூணு வருசம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்த வருஷந்தான் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து பேசி, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனங்களில் இத்தனை லட்சம் உங்களுக்கு, இத்தனை லட்சம் எங்களுக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். யார் எந்தப் பங்கு என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் தெரியாது. எங்கள் அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு ஏதோ அதிர்ஷ்டத்தில் முன்னமே பாஸாகியிருந்தது, அதில் என் பெயரும் இருந்தது. அக்காவை அதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவள் பெயர் மச்சானுடைய மனுவில். அவர் காட்டிய கடதாசிகள் போதாது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். ஒரே லயத்துக் காம்பரா அறையில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரில் எனக்கு நாடு இருந்தது, அவளுக்கு இல்லை. இந்தியா போகிறவர்கள் தாங்களாகவே பேர் கொடுத்துப் போகலாம் என்ற பேச்சும் அடிபட்டது. மச்சான் அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. எப்படியும் மூன்று வருஷம் நம்மை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பியாசக் கொப்பியை விரித்து உட்கார்ந்தேன். ஒரு நாள் ஓட்டம் இத்தனை மைல், பெற்றோல் காருக்குக் கேலனுக்கு இருபத்தைந்து மைல், டீசல் காருக்கு முப்பத்தைந்து. போட்டுப் பார்த்தால் நாலு வருஷம் வந்தது. மறுபடி போட்டேன். அதே நாலு. கணக்கு வாத்தியாராக இருப்பதில் இதுதான் தொல்லை, இரண்டு தடவை போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

அக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்னடா தம்பி வருது?" என்றாள்.

"நாலு."

கை நின்றுவிட்டது. அப்புறம் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டீசலு வாங்கிட்டாருன்னா கையில இருக்கிற காசு அத்தனையும் அதுல போயிடும். அப்புறம் போற பேச்ச எடுக்க மாட்டாரு. கொஞ்சம் நேராக்கிக் குடேன்டா."

"கணக்க எப்பிடிக்கா நேராக்குறது?"

"என்னைய விட்டுட்டு நீ இங்க ஒத்தையில இருந்துருவியா?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் அழிறப்பரை எடுத்தேன். இருபத்தைந்தை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினேன். இரண்டரை வருஷம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பக்கத்து ஸ்லேட்டைப் பார்த்தெழுதினால் முட்டி போட வைக்கிற ஆள் நான்.

மறுநாள் மச்சான் தாளை வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மெதுவாகத்தான் படிப்பார். பெற்றோல் வரியில் விரல் நின்றது.

"கேலனுக்குப் பதினெட்டா?"

"ஏத்தம் இருக்குல்ல மச்சான்" என்றேன்.

"ம்" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் பகல், வாசலில் சத்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் முகம் தெரிந்தது, அதைப் பார்த்தாள்.

"அப்ப போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றாள்.

"காருதானே புள்ள வாங்கிருக்கேன்."

"எத்தன வருசத்துக்கு வாங்கிருக்கீங்க?"

மச்சான் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தொர இத அஞ்சே நாளுல வித்துட்டாரு மாப்ளே. கப்பலு தேதி வந்துருச்சு, வித்தாரு, போறாரு. நமக்கும் கடுதாசி வந்தா அப்பிடி வித்துட்டுக் கெளம்புற வண்டியா இருக்கணும்ல." அக்கா உள்ளே போய்விட்டாள். எனக்கு அவர்மீது அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தியா போகப் பேரும் கொடுத்தார். கடிதம் வரவில்லை. மூன்று வருஷம் போயிற்று, நாலும் போயிற்று. ஒரு காகிதம் வந்தால் இன்னொரு காகிதம் கேட்டார்கள். நுவரெலியா ஏற்றத்தில் கறுப்புக் கார் பெற்றோலைக் குடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வீட்டில் எல்லாமே அந்தக் கணக்கில்தான் நடந்தது. தையல் மெஷின் வாங்கச் சொன்னால், "போற எடத்துல பாத்துக்கலாம்" என்பாள். கொல்லையில் பேரிக்கன்று நடப்போனேன், தடுத்துவிட்டாள். முன் அறையில் தகரக் கூரை ஒழுகியது. மாற்றலாம் என்றால், "இன்னும் எத்தன நாளைக்கு?" என்று ஒரு பேசினைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். பதினொரு மழைக்காலம் அந்தப் பேசின் அங்கேயே இருந்தது. நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, என் பெண்டாட்டியும் அதைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டாள்.

கடைசியில் கடிதம் வந்தது. காரை விற்க மச்சானுக்கு ஐந்து நாள் ஆகவில்லை, அரை நாள்தான். பழைய இரும்புக்காரன் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாக் கப்பல் பிடிக்கப் போகிற தலைமன்னார்க் கோச்சி நின்ற அன்றைக்குப் பிளாட்பாரம் முழுக்க ஒரே அழுகை. போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். அக்கா மட்டும் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, என் பெண்டாட்டியிடம் எனக்கு எந்தக் குழம்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் வேறு தாள் ஒட்டியிருந்தார்.

"பதினெட்டு இல்ல மாப்ளே, இருவத்தஞ்சு. மிதிக்கிற காலுக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் மச்சான் என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"நீ யாருக்காகப் போட்டேன்னும் தெரியும்ல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினொரு வருஷமாக என் பொய்யைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே தட்டத்தில் கறி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"பதினோரு வருசம் இருந்துட்டோம்" என்றார் மச்சான். "பதினெட்டுன்னு போட்டாலும் டீசலுதான், இருவத்தஞ்சுன்னு போட்டாலும் டீசலுதான். நான்தான் பயந்துட்டேன்." கோச்சி ஊதியது, ஏறிக்கொண்டார்.

இப்போது அந்த ஸ்டாண்டில் ஓட்டோக்கள் நிற்கின்றன. கையால் அடித்துப் பெற்றோல் நிரப்புகிற பம்பு வைத்திருந்த ஷெட் போன இடம் தெரியவில்லை. காதர் நானாவின் கடையில் டெலிபோன் விற்கிறார்கள். சனங்கள் பிளாஸ்டிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மழையில் போகிறார்கள், கம்பளி வாசம் எங்கேயும் இல்லை. அக்கா இருந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். மச்சான் போய் வெகுகாலம். அக்கா போய் மூன்று வருஷம். எனக்கு விசா வருவதற்குள் அங்கே காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தாள் மட்டும் என் அலுமாரியில் இருக்கிறது.

மறுநாள் சேகரைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, எத்தன வருசம் வச்சிருப்பேன்னு கேட்டானே அந்தக் கடைக்காரன், நீ என்ன சொன்ன?"

"இதென்ன மாமா கேள்வி? வீடு இங்க, புள்ளைங்க இங்க. நான் இனிமே எங்க போகப் போறேன்?"

எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டான். அவன் அப்பாவால் ஒருநாள்கூடச் சொல்ல முடியாத வார்த்தை. இதைக் கேட்க அக்கா இருந்திருக்க வேண்டும்.

"அப்ப டீசலே எடுடா" என்றேன். கணக்கு எதுவும் போட்டுப் பார்க்கவில்லை.