எண்பத்திரண்டு கிலோ

என் மாமியார் தேவமலருக்கும் எனக்கும் பதினோரு வருஷமாக ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் செம்பனைக் குலை தூக்கி, பிறகு ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் இருபது வருஷம் சமைத்தவர். என் குழம்பில் குற்றம் கண்டுபிடிக்கவே பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார் என்று தோன்றும்.

அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவருடைய தம்பி வடிவேலு வந்து சேர்ந்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். அக்கா நாற்பத்தெட்டு நாள் சைவம். அதற்கு மேல் பந்தாங் என்று பத்தியம் வேறு: பருப்பு வாயு, பால் சளி. மிச்சம் சோற்றுக் கஞ்சியும் சீனித் தண்ணீரும்தான். நேர்ந்துகொண்டவர் இவர், பட்டினி கிடந்தவர் அவர்.

"முட்டையாவது அவிச்சுத் தரேன் அத்தை," என்றேன்.

"என்னைக் கொல்லப் பாக்குறியா?"

"கஞ்சியில எதையும் கலந்துகிலந்து வச்சிராத மோகனா," என்றார் வடிவேலு. சுருக்கென்றது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஒவ்வொரு வாரமும் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். எண்பத்திரண்டு கிலோ, குறையவேயில்லை. "அம்மன் காப்பாத்துறா லா," என்று வடிவேலு உறவுக்கெல்லாம் போன் போட்டார். அத்தையின் கால் வீங்கியிருந்தது. மேஜையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது போல.

இருபத்தொன்பதாம் நாள், டயட்டீஷன் பெண் கைப்பலம் பார்க்கும் ஒரு கைப்பிடிக் கருவியை அத்தையிடம் கொடுத்து அழுத்தச் சொன்னாள். முள் லேசாக ஆடி நின்றுவிட்டது. பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டினாள்.

"வெயிட் அப்படியேதான் இருக்கு ஆன்ட்டி. ஆனா இதெல்லாம் கொழுப்பு, இது தண்ணி. தசை கரைஞ்சு போச்சு. தசை இல்லாதவங்களுக்கு கீமோ தாங்காது, ஆயுசும் குறையும். இன்னிக்கே முட்டை, மீன், பால் ஆரம்பிங்க."

"இன்னும் பத்தொம்பது நாள்தான லா," என்றார் வடிவேலு. "முடிச்சிட்டுச் சாப்பிடட்டும்."

அத்தை தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார்.

விரதம் முடிந்த அன்று வடிவேலு நாட்டுக்கோழி வாங்கி வந்தார். அத்தையால் விழுங்க முடியவில்லை. கீமோ மருந்தைப் பாதியாகக் குறைத்தும் உடம்பு தாங்காமல், அடுத்த மாதமே போய்விட்டார்.

"அக்கா உருக்குலையாம போச்சு, அம்மன் புண்ணியம்," என்று சாவு வீட்டில் வடிவேலு எல்லோரிடமும் சொன்னார். கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

அவரை மட்டும் திட்டி என்ன செய்ய? ஒரு முட்டையைக் கஞ்சியில் அடித்து ஊற்றியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பிழைத்திருப்பாரோ என்னவோ. 'கலந்துகிலந்து வச்சிராத' என்ற அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு ரோஷம். டயட்டீஷன் சொன்னதைக் காதால் கேட்ட பிறகும், பத்தொன்பது நாளும் வேளை தவறாமல் வெறும் கஞ்சியைத்தான் கொண்டுபோய் வைத்தேன்.