தப்பாகச் சொன்ன நடுவர்

மங்கலத்தில் பனியன் கம்பெனி அணிகளுக்கான கால்பந்து இறுதிப் போட்டிக்கு அவர் நடுவர். நான் கோட்டோர நடுவர். அவருக்கு ஒட்டிய கன்னம், சாயம் போன கறுப்புச் சட்டை. வீரர்களிடம் பேசும்போதெல்லாம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஆட்டம் முடியும் நேரத்தில், பந்து கையில் பட்டதாக ஒரு பெனால்டி கொடுத்தார். மைதானமே கத்தியது. ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பார்க்காதீங்க. அப்பறம் நம்மள ஆரும் மதிக்க மாட்டாங்க" என்றேன். அவர் பார்த்தார்.

"கையில படலீங்க. நான் சொன்னது தப்புங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, பெனால்டியை ரத்து செய்தார். கூட்டம் கைதட்டியது. பெனால்டியை இழந்த அணியின் கேப்டன்கூட அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் சரியாகச் சொல்லி நான் வாங்கியதெல்லாம் வசவுதான்.

அடுத்த ஞாயிறு அனுப்பர்பாளையத்தில் நான் நடுவர். ஒரு கோலை ஆஃப்சைடு என்றேன். செல்போன் வந்தது. நானும் பார்த்தேன்.

"நீங்க சொன்னது சரிதானுங்க" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

வண்டியில் திரும்பும்போது, தப்பாகச் சொன்ன அந்த மனிதர் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.