மருத்துவச்சி சபீனாவின் பெயர்

இர்ம்ட்ராட் ஃபோய்க்ட் பெரிய படிப்பாளி இல்லை. பீங்கான் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கோப்பைகளுக்கு நீலக் கோடு வரைந்த பெண்மணி. ஓய்வு பெற்றதும், ஆலயத்தின் பழைய தாள்கள் கிடக்கும் அறைச் சாவியை அவரிடம் கொடுத்தார் பாதிரியார் எக்கார்ட். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சும்மா தூசி தட்டினால் போதும் என்றுதான் கொடுத்தார்.

1659இல் அச்சான சின்ன ஜெபப்புத்தகம் ஒன்று எங்கள் ஊரின் பெருமை. எழுதியவர் பாதிரியார் க்ரெல் என்று அட்டை சொல்கிறது. ஆலயத் தெருவுக்கும் அவர் பெயர்தான். ஆனால், "குழந்தை கால் முதலில் வந்தால் என் கை நடுங்காமல் காத்தருளும்" என்று ஒரு பாதிரியார் ஏன் ஜெபிக்கவேண்டும்? இந்தச் சந்தேகம் முன்பும் சிலருக்கு வந்ததுண்டு. ஆதாரம்தான் இல்லை.

இர்ம்ட்ராட் நான்கு குளிர்காலம் பெட்டி பெட்டியாகப் புரட்டினார். அந்தக் காலத்தில் அடக்கப் பிரசங்கத்தை அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். 1651இல் இறந்த மருத்துவச்சி சபீனாவுக்கு, அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் வீட்டார் சேர்ந்து அச்சடித்த பிரசங்கம் அவர் கையில் சிக்கியது. பிரசங்கித்தவர் க்ரெல். "இவள் தன் கையால் எழுதி வைத்தவை" என்று சொல்லி, புத்தகத்திலுள்ள பன்னிரண்டு ஜெபங்களில் ஒன்பதை வாசித்திருந்தார். எட்டு வருஷம் கழித்து எல்லாம் அவர் பெயரிலேயே வந்துவிட்டன.

எக்கார்ட் பிளம்ஸ் கேக் வாங்கிவந்து கொண்டாடினார். ஆலய ஆண்டுவிழாவுக்குச் சபைக் கமிட்டி கொண்டுவரும் புதுப்பதிப்பில் சபீனாவின் பெயர்தான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். இர்ம்ட்ராடின் குறிப்புகளை நான்தான் தட்டச்சு செய்தேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் க்ரெல்.

"கமிட்டியில நீ என்ன சொன்ன?" என்று கேட்டார் இர்ம்ட்ராட்.

"அழைப்பிதழெல்லாம் அச்சாயிடுச்சு. இப்பப் போயி..."

"க்ரெல் பேருக்குக் கையத் தூக்கினியா, இல்லையா?"

தூக்கியிருந்தார்.

"க்ரெல்லாவது அவ சவப்பெட்டிக்கு முன்னால நின்னு உண்மையச் சொன்னான். உனக்கு அதுவும் வரல."

மறுவாரம் தன் அடக்க ஆராதனைக்கான விருப்பத்தை எழுதி எக்கார்டிடம் நீட்டினார். "என் பெட்டிக்கு முன்னால அந்தக் கால்பிரசவ ஜெபத்த வாசிக்கணும். யாரு எழுதினதுன்னு பேரச் சொல்லி, நீயே வாசிக்கணும்."

எக்கார்ட் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று என்னிடம் வந்தது.

போன பிப்ரவரியில் இர்ம்ட்ராட் இறந்தார். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எக்கார்ட் அந்த ஜெபத்தை வாசித்தார். நடுவில் குரல் உடைந்தது, அழுகை உண்மையானதுதான். வாசிக்குமுன் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நம் ஊரின் பழைய ஜெபம் ஒன்று."

நகல் என் பையில் இருந்தது. நான் குடியிருக்கும் வீடு சபையின் வீடு, கமிட்டி கொடுத்தது. வரிசையில் நின்று, மூன்று கை மண் போட்டுவிட்டு வந்தேன்.