வாப்பாவின் வலது கை

எங்கள் ஊரில் ஒருவர் நோயில் விழுந்தால் ஊரே பார்க்க வரும். அந்த வருடம் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டவர்கள், உள்ளே கல்யாணம் நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நடக்க இருந்ததும் கல்யாணம்தான், என்னுடைய கல்யாணம். வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததால் அது தள்ளிப் போயிருந்தது.

வாப்பா லொறி ஓட்டியவர். சம்மாந்துறை ஆலைகளில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவார். ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போனவர் குழாயடியில் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு குழறியது. வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல மடியில் கிடந்தது.

பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பை தோடம்பழம், ஒரு பிஸ்கட் பெட்டி, நோய் தீர ஒரு துஆ. பெண்கள் உம்மாவோடு குசினியில் குந்திவிடுவார்கள். ஆண்கள் நேரே வாப்பாவிடம் போய், ஸலாம் சொல்லி, இரண்டு கையாலும் அவருடைய வலது கையைப் பிடிப்பார்கள். அந்தக் கை எழும்பாது. ஸலாத்துக்கு எழும்பாத கையைச் சும்மா விட்டுப் போக எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. தாங்களே தூக்கிக் குலுக்கி, நெஞ்சோடு வைத்து அழுத்திவிட்டுத்தான் விடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு முப்பது பேர். எல்லாம் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் வாப்பாவால் தோள் வலி தாங்க முடியவில்லை. உம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். உம்மாவின் மூத்த சகோதரரான பெரிய மாமா இன்னொரு எண்ணெய் கொண்டு வந்து இன்னும் பலமாகத் தேய்த்தார். ஆஸ்பத்திரித் துண்டில் பிசியோதெரபிக்கு வரும்படி எழுதியிருந்ததை நாங்கள் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கை கால் உருவிவிட ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போக வேண்டும், வீட்டில் ஆள் இல்லையா என்று இருந்துவிட்டோம். படித்தவள் என்று பெயர் எடுத்த நானும் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

வாப்பா வலியில் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பிசியோ மிஸ், பெரியநீலாவணைப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். வாப்பா அவரைக் கண்டதும் கூச்சப்பட்டு, ஆண்கள் யாரும் இல்லையா என்று என்னிடம் குழறிக் கேட்டார். அது மிஸ்ஸின் காதிலும் விழுந்துவிட்டது. இன்றைக்கு நான்தான் ஐயா, பிடிக்கவில்லையென்றால் நாளைக்கு வாருங்கள், நாளைக்கும் நான்தான் இருப்பேன் என்றார். வாப்பா ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். விழுந்த நாளில் இருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு சிரிப்புக்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப் போனது.

மிஸ் வாப்பாவின் சட்டையை விலக்கித் தோள் எலும்பின் கீழே விரலை வைத்தார். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"இதுக்குள்ள என்ட விரல் போகுது பாருங்க. ஆரு இந்தக் கையப் புடிச்சி இழுத்த?"

நான் யாரைச் சொல்ல? ஊரே இழுத்தது. அது மட்டுமா, காலையில் படுக்கையில் இருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத்தான் நானும் தினம் தினம் இழுத்து நிமிர்த்தினேன். தசை சோர்ந்து கிடக்கும்போது கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும், அதற்கு மேல் நாமும் இழுத்தால் மூட்டு விலகித் தொங்கும் என்று மிஸ் விளக்கினார். டொக்டர்மார் உயிரைக் காப்பாற்றித் தந்துவிட்டார்கள், இனி இந்தக் கையை வீட்டு ஆட்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வாப்பா அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"என்ட புள்ளய நான்தான் குடுக்கணும் மிஸ். இந்தக் கையால."

எங்கள் மார்க்கத்தவர் இல்லாததால் மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. நான்தான் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். எங்கள் திருமண ஒப்பந்தமான காவினில், பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே இருந்து, வலது கையோடு வலது கை பிடித்துக்கொண்டுதான் அந்த வார்த்தைகளைச் சொல்வார்கள். பெண்ணைக் கொடுத்தேன் என்பார் ஒருவர், ஏற்றுக்கொண்டேன் என்பார் மற்றவர். வாப்பாவுக்கு ஏலாவிட்டால் அவருடைய தம்பியான சாச்சா பொறுப்பெடுத்துச் செய்யலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் எவ்வளவு காலம் காத்திருப்பது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் நான் வாப்பாவுக்கு ஒரே பிள்ளை. அவர் தலையாட்டவில்லை.

மிஸ் அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கை முழுக்கத் திரும்பும் என்று பொய் சொல்ல மாட்டேன், நாலு மாதம் தாருங்கள், பிடிக்கிற அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்போம் என்றார்.

அன்று பின்னேரமே நான் வாசலில் கதிரை போட்டுக் காவலுக்கு இருந்தேன். வருகிற ஆண்களிடம், வாயால் ஸலாம் சொல்லிவிட்டுக் கையைத் தங்கள் நெஞ்சில் வையுங்கள், வாப்பாவின் கையைத் தொட வேண்டாம் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தயங்கியவர்களிடம் இரண்டு தரம் சொன்னேன், தாண்டிப் போனவர்களுக்குப் பின்னால் ஓடினேன். பெரிய மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஸலாம் குடுக்க வேணாம் எண்டு சொல்ற ஊடும் ஒரு ஊடா?" என்று கேட்டுவிட்டு, கொண்டு வந்த தோடம்பழத்தோடு திரும்பிப் போய்விட்டார். உம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆட்களின் வரவும் குறைந்தது. வாப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்களோடு வாழ்ந்த மனிதர், அவர் வாடிப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த கிழமை மிஸ்ஸிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். மிஸ் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார். வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம், வேலைக்கு எடுங்கள் என்றார். வருகிறவருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பீர்கள்தானே, அந்தப் பிஸ்கட்டை ஐயா வலது கையால் எடுத்துக் கொடுக்கட்டும்.

அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் ஏக்கமும் ஒன்றாக வருகிறது. மேசையில் தட்டு, தட்டில் பிஸ்கட், எதிரே விருந்தாளி. வாப்பாவின் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. முதலில் கை மேசைமேல் துடைப்பது போல ஊர்ந்து போகும், அவ்வளவுதான். பிறகு விரல் மடங்கத் தொடங்கியது. பிறகு பிஸ்கட் பிடிபட்டது. இரவு இஷாத் தொழுகை வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இன்று பிஸ்கட் எவ்வளவு தூரம் வந்தது என்று பள்ளிவாசலில் விசாரிப்பார்களாம். பெரிய மாமாவுக்கும் பொறுக்கவில்லை. வந்து முன் கதிரையில் இருந்துகொண்டு, வாப்பாவை உற்சாகப்படுத்துகிறேன் என்று கத்திக் குளறினார். மிஸ் சொல்லிக் கொடுத்தபடி படுக்கையில் எப்படிப் புரட்டுவது, எந்தப் பக்கம் பிடித்து எழுப்புவது என்பதெல்லாம் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குத் தெரிந்துபோனது. பின்னாட்களில் அந்தத் தெருவில் யார் நோயில் விழுந்தாலும், முதல் கிழமையிலேயே பிசியோவுக்குக் கூட்டிப்போனார்கள்.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை வந்தது. வாப்பாவுக்குப் பிடிக்கத் தெரிந்தது, விடத் தெரியவில்லை. பிடித்த விரல்கள் இறுகிக்கொள்ளும், திறக்க நேரமெடுக்கும். அவசரக்காரர்கள் பிஸ்கட்டைப் பிடுங்குவார்கள். பிடுங்கப் பிடுங்கக் கை இன்னும் இறுகும், பிஸ்கட் தூளாகும். இந்த நோயில் பிடிப்பது முதலில் வரும், விடுவது பிறகுதான் வரும், இழுத்தால் இன்னும் இறுகும், பொறுத்திருந்தால் தானாகத் திறக்கும் என்று மிஸ் சொன்னார். பொறுத்திருக்க எங்களில் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. குளிக்க வைக்கும்போது என் கையைப் பிடித்துவிட்டால், அடுப்பில் கறி கிடக்கிற நினைவில் நானே விரல்களைப் பிரித்து எடுத்திருக்கிறேன்.

நாலு மாதம் முடிந்து காவினுக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. காவினுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து போகிற பழக்கம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லை. நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு தரம், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. கை விடச் சுணங்கும் என்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்வதாகச் சாச்சா ஏற்றிருந்தார். பிரியாணிச் சட்டிகளுக்கு நடுவே ஓடித் திரிந்ததில் மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் காவின். நான் உள் அறையில் பெண்களோடு இருந்தேன். மிஸ் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். உம்மா திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். மவுலவி பிடித்திருந்த மைக்கில் வாப்பாவின் குரல் கேட்டது. குழறாமல், ஒவ்வொரு சொல்லாக, என்னைக் கொடுத்தேன் என்று சொன்னார். ஏற்றுக்கொண்டேன் என்றது இன்னொரு குரல். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு மைக்கில் மவுலவியின் துஆ கேட்க வேண்டும். கேட்கவில்லை. மண்டபம் அப்படியே அடங்கிக் கிடந்தது.

"கைய விடுறாரில்ல" என்று உம்மா மெல்லச் சொன்னார்.

என் பக்கத்தில் மிஸ், இழுக்காதீங்க, இழுக்காதீங்க என்று முணுமுணுக்கத் தொடங்கினார். பெரிய மாமா, போதும் மச்சான் விடுங்க என்று சொல்வது கேட்டது. யாரோ சிரித்தார்கள். சாச்சா எழும்பி விரல்களைப் பிரிக்கப் போகிறார் என்று உம்மா பதறினார். இத்தனை மாதம் பாடுபட்ட மனிதரை, இத்தனை பேர் முன்னால், பிஸ்கட் பிடுங்குவது போலப் பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிடுங்கவில்லை. மாப்பிள்ளை இடது கையை உயர்த்திச் சாச்சாவை இருக்கச் சொல்லிவிட்டாராம். தன் கையை அசைக்காமல், வாப்பாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாராம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு, சின்ன விரல் திறக்குது, அடுத்ததும் திறக்குது என்று உம்மா அழுதுகொண்டே சொன்னார். மிஸ் என் தோளில் சாய்ந்து மூச்சு விட்டார். துஆ தொடங்கியது.

எல்லாம் முடிந்து என்னை மாப்பிள்ளையின் பக்கத்தில் இருத்தினார்கள். தலை குனிந்தபடியே, உங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா, ஏன் கையை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லல்ல. அவர் புடிச்சிரிந்தாரு. அவர் உட்டாத்தானே நான் எடுக்கணும்."

அதற்குப் பிறகுதான் நான் தலையை நிமிர்த்தி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன்.